நீர்வேலியில் ஒரு தொண்டர் தீயணைப்பு நிலையம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ள நீர்வேலியில் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற இச்செம்மண் கிராமத்தில் தோட்டந்தோறும் கிணறும் நீரிறைக்கும் இயந்திரமும் உண்டு. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டிய கதை என்று நம்மவர் சொல்வது இவ்வூருக்குப் பொருந்தாது. கிணறு எப்போதோ வெட்டியாயிற்று. கிணற்றிலுள்ள நீரை எரியும் வீட்டின் வாசலுக்குக் கொண்டு சேர்க்கும் வாகனமும், அதனை இயக்கப் பழகிய கைகளும், இரண்டும் ஒருசேரக் காத்திருக்கும் ஒரு நிலையமுமே இத்தகைய கிராமங்களுக்கு வேண்டியவை.

பொலிஸ் சேவையைப் போன்று நாடு முழுவதற்குமான ஒரே திணைக்களத்தின் கீழ் நமது நாட்டின் தீயணைப்புச் சேவை அமைந்திருக்கவில்லை. அது உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை போன்ற மாநகர சபைகள் தமக்கெனத் தீயணைப்புப் படைகளை வைத்திருக்கின்றன. யாழ்.மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களில் 13 பிரதேச சபைகளாகும். சோலைவரியையும் சந்தைக் குத்தகையையும் பெரிதும் நம்பியிருக்கும் ஒரு பிரதேச சபை, இரவு பகலாகப் பணிபுரியும் சம்பளப் படையொன்றைத் தனித்துப் பராமரிப்பது எளிதன்று. ஆகவே குடாநாட்டின் கிராமங்கள் நீண்டகாலமாக யாழ்.மாநகர சபையின் வாகனத்தையே எதிர்பார்த்து வந்துள்ளன. 110 என்ற இலக்கத்தை அழைப்பது எவருக்கும் முடியும். வாகனம் புறப்படும் இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே கேள்வி.

இத்தொலைவுக்குக் கொடுத்த விலையை 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தையில் கண்டோம். யுத்தத்தில் யாவற்றையும் இழந்து, கடன்பட்டு மீண்டும் எழுந்த வர்த்தகர்களின் கடைகள் ஒரே இரவில் சாம்பலாயின. அன்று அம்மாவட்டத்தில் தீயணைப்புப் படை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல் வாகனம் ஓடி வரவேண்டியிருந்தது. கரைச்சிப் பிரதேச சபைக்குத் தீயணைப்புப் பிரிவு வாய்த்தது அதன் பின்னரே. நிலையம் வருவதற்கு முன்பு ஒரு சந்தை எரிய வேண்டும் என்பது நியதியா?

தொலைவு குறைந்தாலும் முதற் சில நிமிடங்களின் கணக்கு மாறுவதில்லை. 2004 ஜூலை 16 ஆம் திகதி கும்பகோணத்தில் பாடசாலையொன்றின் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. அரச தீயணைப்புத் துறை இயங்கும் தமிழ்நாட்டிலேயே இந்நிலை. நமது கிராமங்களில் கிடுகு வேலிகள் குறைந்து மதில்கள் எழுந்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் தீயின் வழிகள் குறையவில்லை. 2021 இன் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகளைக் கண்டோம். 2022 இன் நெருக்கடியில் வீட்டு மூலைகளில் பெற்றோல் கலன்கள் அடுக்கப்பட்டன.

இந்நிலையில் முதலில் ஓடி வருபவர் அயலவரே. அவர் இன்றும் தொண்டர்தான். கருவியும் பயிற்சியும் அற்ற தொண்டர். அவரை அமைப்பாக்குவது உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1736 இல் பெஞ்சமின் பிராங்ளின் தொடக்கிய சங்கம் தொண்டர்களாலானது. 1851 இல் வல்பரைசோவில் ஆரம்பித்த சிலி நாட்டின் தீயணைப்புப் படையினர் இன்றளவும் சம்பளம் பெறுவதில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி ஜப்பான். அங்கு கிராமந்தோறும் உள்ள தொண்டர் படைகள் பல, பாரிய சிவப்பு வாகனங்களை நம்பியிருப்பதில்லை. நமது பட்டா வாகனத்தை ஒத்த சிறிய லொறியில் தூக்கிச் செல்லக்கூடிய பம்பியையும் குழாய்ச் சுருள்களையும் ஏற்றி ஒடுங்கிய தெருக்களுக்குள் நுழைகின்றன.

நீர்வேலியின் ஒழுங்கைகளுக்கும் இதுவே உகந்தது. வெளிநாட்டில் சேவைக்காலம் முடிந்த பெரிய வாகனமொன்றைப் புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பி வைத்தால், மாலையிட்டு வரவேற்கலாம், படமும் எடுக்கலாம். உதிரிப்பாகம் கிடைக்காமல் அடுத்த ஆண்டே அது மரநிழலில் நிற்கக்கூடும். நிமிடத்துக்கு 400 லீற்றர் பீச்சும் ஒரேயொரு குழாய் 4,000 லீற்றர் தாங்கியைப் பத்து நிமிடங்களில் வெறுமையாக்கிவிடும். ஆகையால் ஒரு பெரிய தாங்கியிலும் பார்க்க, மீண்டும் மீண்டும் நீர் நிரப்பும் ஏற்பாடே முக்கியமானது. பம்பியேற்றிய ஒரு பட்டா, அதன் பின்னால் உழவு இயந்திரம் இழுத்து வரும் தண்ணீர் பவுசர், எந்த ஒழுங்கையில் எவருடைய கிணற்றில் இரவிலும் நீர் இறைக்கலாம் என்ற வரைபடம் ஆகிய மூன்றும் போதும், தொடங்குவதற்கு.

நிலையமும் அவ்வாறே. பிரதான வீதியோரம் இரு வாகனங்கள் நிற்கும் கொட்டகை, இரவில் இருவர் உறங்க ஓர் அறை, நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்த ஓர் உயரமான இடம் இருந்தாற் போதுமானது. உலர்த்தாத குழாய் உக்கிப் போய், தேவையான இரவில் வெடித்துவிடும். வாரந்தோறும் பம்பியை இயக்கிப் பார்ப்பதும் மின்கலத்தைக் கவனிப்பதும் திறப்பு விழாவிலும் பார்க்கப் பெரிய காரியங்கள்.

தொண்டர் என்றவுடன் ஆர்வம் மட்டும் போதும் என்று எவரும் கருதலாகாது. சுவாசக் கருவியின்றிப் புகைக்குள் நுழைபவர் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். மின் இணைப்பைத் துண்டிக்காமல் நீரைப் பீச்சினால் அணைக்கப் போனவரே பலியாவார். மாநகர சபையின் அனுபவமிக்க வீரர்கள் பயிற்சி அளிக்க வேண்டும். தொண்டருக்குச் சட்ட அங்கீகாரமும் விபத்துக் காப்புறுதியும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் இளைஞர்களைத் தீயின் முன் நிறுத்துவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

இங்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இந்நாட்டில் தீ என்பது விபத்தாக மட்டும் வந்ததில்லை. 1981 இல் யாழ்.பொது நூலகம், 1983 ஜூலை, 2014 இல் அளுத்கம, 2018 மார்ச்சில் திகன என எரியூட்டப்பட்டவற்றின் நினைவு இரு சமூகத்தவர்க்கும் உண்டு. சனசமூக நிலையமும் ஆலயத் தொண்டர் சபையும் ஜனாஸா நலன்புரிக் குழுவும் இப்பணியை ஏற்பின், பிறர் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டிய நிலை எந்த ஊருக்கும் இராது. நீர்வேலியில் தொடங்குவது காத்தான்குடிக்கும் மூதூருக்கும் பயன்படலாம்.

2023 மார்ச்சில் கலைந்த உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலின் மூலம் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் வந்துள்ளனர். வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையும் அதன் அயற் சபைகளும் கூட்டாகச் செலவேற்று, ஒரு நிலையத்துக்கான தொகையை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்க்க வேண்டுமெனக் கோருகின்றோம். கிணறுகளின் வரைபடத்துக்கோ நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. அதனை ஊரவர் இந்த வாரமே வரையத் தொடங்கலாம்.