வேலிக்காத்தானை வெட்டினா மட்டும் போதுமா?

சீமைக்கருவேலத்தைப் பத்தி பேச்செடுத்தாலே ரெண்டு கட்சிதான். ஒண்ணு, "ஒரு மரம் விடாம வெட்டு". இன்னொண்ணு, "எந்த மரமா இருந்தாலும் வெட்டாதே". பக்கத்துல நிலம் வெச்சிருக்கிற விவசாயிகிட்ட கேட்டா பதில் வேற மாதிரி வருது.

முதல்ல வாட்ஸ்அப் கதைகளை ஓரங்கட்டுவோம். "காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனே விடாது" என்பதெல்லாம் ஸ்கூல் பயாலஜியிலேயே அடிபட்டுப் போகும். பச்சை இலை இருந்தா ஒளிச்சேர்க்கை நடக்கும், ஆக்சிஜன் வரும். இலை வழியா தண்ணி வெளியேதான் போகும். உண்மையான பிரச்சினை வேற. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870களில் பிரிட்டிஷ்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்த இந்த மரம், ஆழமா வேர் விட்டு, கோடையிலும் பச்சையா நின்னு, மத்த செடிக்கு இடம் விடாம புதரா பரவும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. சில மாதங்களிலேயே அதுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனா ஏரியில என்ன நடக்குது?

திருவண்ணாமலை மாவட்டத்துல ஏரிப் பாசனத்தை நம்பின ஊர்கள் நிறைய. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்க பெரியப்பாவுக்கு ஏரிக்குக் கீழ நெல், மேட்டுல மல்லாட்டை. அவர் கேட்கிறது ஒண்ணுதான்: "மரத்தை வெட்டினு போயிட்டாங்க, கட்டையை யாருப்பா புடுங்கறது?"

கேள்வி நியாயமானது. காசு கிடைக்கிறது மேல இருக்கிற விறகுக்கு. கீழ இருக்கிற வேருக்கு ஜேசிபி வாடகை மட்டும்தான். அதனால ஏலம் எடுத்தவர் தரையோட வெட்டிட்டுப் போனா, அந்தக் கட்டையிலிருந்து நாலஞ்சு தண்டா துளிர்க்கும். அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தி. காயைத் தின்ன ஆடு மாடு சாணத்துல விதை வயலுக்கே வந்துடும்.

எல்லா விவசாயிக்கும் இது எதிரியும் இல்லை. கோடையில ஆட்டுக்கு அந்தக் காய்தான் தீவனம். கிணறு வத்தின மானாவாரி நிலத்துக்காரருக்கு, தண்ணி கட்டாம விறகும் கரியும் தர்ற ஒரே பயிர் இதுதான். மாற்று எதுவும் தராம "உடனே எடு"ன்னா அடி விழுறது அவங்க வயித்துல.

இன்னொரு ஆபத்து, அவசரத்துல நம்ம நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போகுது. பார்த்தா கண்டுபிடிக்கலாம்: நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்த மாதிரி காய். சீமைக்கு நீளமான பூங்கொத்து. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்ல அறிவிச்ச அரசு, மரத்துக்கு மரம் வித்தியாசம் பார்க்க முடியும்னு காட்டியிருக்கு. அந்த அக்கறை ஏரிக்குள்ளயும் வரணும்.

என் கருத்து இதுதான். ஏலத்துல விறகு மட்டும் இல்லாம, பிடுங்கின வேரும் கணக்குல வரணும். வேலை முடிஞ்சதுன்னு சொல்ற உரிமை ஆயக்கட்டு விவசாயிகளுக்கு இருக்கணும். 2000-ம் ஆண்டுச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கே, அவங்க கையெழுத்து இல்லாம பில் பாஸ் ஆகக் கூடாது. முதல்ல ஏரி, வரத்துக் கால்வாய். மேட்டு நிலம் அப்புறம், அதுவும் மாற்றுத் தீவனம், விறகுக்கு வழி பண்ணிட்டு.

நமக்கும் இதுல வேலை இருக்கு. அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல செல்ஃபிக்கு நாலு மரக்கன்று நடுறதுக்குப் பதிலா, மழை பெய்ஞ்ச ஈரத்துல ஏற்கெனவே சுத்தம் பண்ணின ஒரு ஏரிக்குப் போவோம். முளைச்சு வர்ற வேலிக்காத்தான் கன்றை அப்போ கையாலேயே பிடுங்கலாம். ரெண்டு வருஷம் விட்டா மறுபடியும் ஜேசிபிதான்.