மாலுமி என்றால் வாத்தியார்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மாலுமி என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபியில் ‘முஅல்லிம்’. நம்மூர் மதரஸாவில் ஓதியவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும், ஓதிக்கொடுக்கும் ஆசிரியர். கப்பலுக்கு வழி சொல்லத் தெரிந்தவரையும் அரபிகள் அப்படித்தான் அழைத்தார்கள். ஆக, மாலுமியும் நானும் ஒரே இனம்! சுக்கானும் அரபிதான். நங்கூரம் பாரசீக ‘லங்கர்’ என்கிறது அகராதி. நாம் வாங்க மட்டும் இல்லை, கொடுத்தும் இருக்கிறோம். 1697இல் வந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் நம் கட்டுமரம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் கப்பலில் வேலை பார்த்த நம் நாட்டு லஸ்கர்களின் பேச்சுக்கு, தாமஸ் ரோபக் என்பவர் 1811இல் ஒரு அகராதியே போட்டார். மொழிப்பற்று ஒன்றும் இல்லை. புயலில் போட்ட கட்டளை புரியாவிட்டால் கப்பல் போய்விடும், அந்தப் பயம்தான்.

நம்மிடம் அந்தப் பயம்கூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு, பிள்ளைகளின் ‘கொச்சையை’த் திருத்து என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். படகின் முன்பக்கம் அணியம். இதில் என்ன கொச்சை? இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அதை வைத்து ஆழம் சொல்வார்கள். ஆங்கிலத்து ‘ஃபேதம்’ என்பதும் விரித்த கைதான். அது பாடப்புத்தகத்தில் வந்தால் அறிவு, நம் பிள்ளை சொன்னால் கொச்சையாம். வாடை என்றால் திசை மட்டுமா? மாதமும் குளிரும் சேர்ந்தே வருகிறதே.

இது வெறும் சொல் ஆசை இல்லை. 1974லும் 1976லும் போட்ட ஒப்பந்தங்களில் கடல் எல்லை எண்களாக இருக்கிறது. தண்ணீரில் கோடு கிடையாது. எஞ்சின் நின்ற படகை நீவாடு இழுத்துக்கொண்டு போகிறது. கரையில் மனைவி ‘நீவாடு இழுத்துட்டுப் போயிருச்சு’ என்கிறாள். மனு எழுதுகிறவருக்கு நீவாடு என்றால் கடல் நீரோட்டம் என்று தெரியாவிட்டால் ‘வழி தவறி’ என்று எழுதுவார். இழுத்துப் போனதும் தவறிப் போனதும் ஒன்றா? எல்லாப் படகும் நீவாட்டால்தான் அந்தப் பக்கம் போகிறது என்று நான் வாதாட வரவில்லை. போன படகுக்காவது சரியான சொல் வேண்டும்.

மாலுமியை ஒழித்துவிட்டு மீகாமன் என்றே எழுத வேண்டும் என்பார் சிலர். மீகாமன் நல்ல சொல், இருக்கட்டும். வந்து தங்கியவரை ஏன் விரட்ட வேண்டும்?

ஜகதாப்பட்டினத்துப் பிள்ளைகள், வளைகுடாவில் இருப்பவர்கள், கப்பலில் வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். பாய்மரம் ஓட்டிய அப்பா, அய்யா, வாப்பா, அப்பத்தா யாரிடமாவது இன்று இரவே பேசுங்கள். காற்று, நீவாடு, பார், வலை என்று சொல்லும் பொருளுமாகக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நோட்டுப் போட்டு நான் எழுதி வைக்கிறேன்.