தூளியும் துறைமாற்றமும்

காஞ்சிக்கு வருவோர் கோபுரம் பார்க்கின்றனர், பட்டுப் பார்க்கின்றனர், பார்த்த கையோடு பேருந்தேறிப் போய்விடுகின்றனர். பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் நுழைந்து, தாழ்ந்த வாசலில் தலை குனிந்து, தறிக்குழியருகே தொங்கும் தூளியைப் பார்ப்போர் மிகச் சிலர். அந்தச் சிலரும் என்ன செய்கின்றனர்? உருகுகின்றனர்! "தாய் உழைக்கிறாள், சேய் உறங்குகிறது, தறியோசையே தாலாட்டு!" என்று படமெடுத்துப் பரவசப்படுகின்றனர்.

நானும் உருகியவன்தான். என் நாடகங்களில் தாய் என்றொருத்தி வருவாள். மூன்றாம் காட்சியில் அழுவாள், ஏழாம் காட்சியில் இறப்பாள். அவள் என்ன வேலை பார்த்தாள், பிள்ளை பெற்றபின் அந்த வேலை என்னாயிற்று என்று ஒரு வசனமேனும் எழுதினேனா? இல்லை. கைதட்டல் கண்ணீருக்குக் கிடைத்தது, கணக்கைக் கேட்பாரில்லை. இன்று கணக்கைப் பேசுவோம்.

பிள்ளை பெறுமுன் அவள் குழியிலிறங்கி, மிதிமேல் கால் வைத்து, நாடா எறிந்து, கரை சேர்த்துக் கோர்வைச் சேலை நெய்தவள். பிள்ளை பிறந்தது. "பச்சையுடம்பு, குழியிலிறங்காதே" என்றனர் வீட்டார். நியாயந்தான், யார் மறுப்பர்? ஆனால் உடம்பு தேறிற்று, பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடமும் போயிற்று. அவள் மட்டும் இராட்டையடியிலேயே இருக்கிறாள்! தார் சுற்றுகிறாள், அறுந்த இழையைப் பிணைக்கிறாள். சேலைக்குக் கூலி வரும்போது நெய்தவன் பெயர் கணக்கில் ஏறுகிறது. தார் சுற்றியவள் பெயர் எந்த ஏட்டில் ஏறுகிறது? நெசவாளியாக இருந்தவள் எடுபிடியாகிவிட்டாள். ஆணை பிறப்பித்தவர் எவருமில்லை. அவளைக் கேட்டவரும் எவருமில்லை. பெரிய நிறுவனங்கள் இன்று துறைமாற்றம் என்று நாகரிகமாகப் பேசுகின்றனவே, அதன் அரிச்சுவடி நம் வீட்டுத் தறிக்கூடத்தில் இருக்கிறது, தோழர்களே! அதை ஒப்புக்கொண்டுவிட்டு ஆலை வாயிலுக்குப் போனால்தான் நம் பேச்சுக்கு நாணயம் இருக்கும்.

ஆம், ஆலை வாயிலுக்கு! தறிவீட்டு மகள் இப்போது அங்கேதான் போகிறாள். இருள் பிரியுமுன் பேருந்து வருகிறது. கழுத்திலே அடையாள அட்டை, கையிலே சோற்றுப் பாத்திரம். திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று பறக்கிறாள். தாய் தார் சுற்றியே தேய்ந்ததைப் பார்த்தவள். தனக்கென்று ஒரு பெயர், ஒரு பதிவு, ஒரு சம்பளச் சீட்டு கிடைக்குமென்று நம்பிப் போகிறாள். கிடைக்கிறது. பிள்ளை பிறக்கும் வரையில்!

நாடகக்காரன் நான், ஒரு காட்சி எழுதிக் காட்டுகிறேன். பெயர்களெல்லாம் வேண்டாம், மேலாளர் ஒருவர், தாய் ஒருத்தி. ஆறு திங்கள் விடுப்பு முடிந்து அவள் திரும்பிய முதல் நாள்.

"வாம்மா, குழந்தை நலமா?"

"நலம், ஐயா. என் வரிசையில் வேறொருவர் நிற்கிறாரே?"

"அதுவா! நீ பிள்ளைக்காரி. முப்பது பேரை மேய்க்கும் தொல்லை உனக்கெதற்கு? சரக்கறையில் பதிவு வேலை போட்டிருக்கிறேன். உன் நன்மைக்குத்தான்!"

"சம்பளம்?"

"அடிப்படைச் சம்பளத்தில் ஒரு காசு குறையாது. வரிசைத் தலைவிக்கான படி மட்டும் வராது. தலைவியாக இல்லையே நீ!"

திரை விழட்டும். இதே மேலாளரிடம் இன்னொருத்தி வருகிறாள். "ஐயா, கைக்குழந்தை, இரவுப் பணி இயலவில்லை. பகலில் பயிற்சிப் பிரிவில் இடம் காலியாக இருக்கிறதாம். எட்டாண்டு வேலை தெரிந்தவள் நான், அங்கே மாற்றித் தாருங்கள்" என்கிறாள். மேலாளர் முகம் மாறுகிறது. "விதியில் இடமில்லையே, அம்மா!"

பார்த்தீர்களா வேடிக்கையை? அவள் கேட்டால் விதி குறுக்கே நிற்கிறது. அவர்கள் நினைத்தால் விதியே வேண்டியதில்லை! தாயானபின் வேலையை மாற்றிக்கொள்வது குற்றமன்று. உடம்பு மாறியிருக்கும், உறக்கம் மாறியிருக்கும், உள்ளத்தின் விருப்பமும் மாறியிருக்கும். புதுத் துறையில் புகுந்து முன்னிலும் உயர்ந்தவர் உண்டு. அந்த மாற்றம் யாருடைய விருப்பம், அதற்கு யார் விலை கொடுப்பது என்பதே வழக்கு.

"சட்டம் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. எளிதில் வந்ததா அது? 1919-இல் வாசிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தது. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று மசோதா வந்தபோது, எழுந்து ஆதரித்தவர் டாக்டர் அம்பேத்கர். மறு ஆண்டு பம்பாயில் சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934-இல். நாடு முழுமைக்கும் 1961-இல். 2017-இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இவையெல்லாம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயின.

விடுப்பிலிருக்கும் பெண்ணை நீக்கக்கூடாது, அவளது பணி நிலைமைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்கிறது சட்டம். நல்லது! விடுப்பு முடிந்த மறுநாள்? அன்று காலை அவள் வாயிலில் நிற்கும்போது, அவள் இருந்த இடத்திலேயே, அன்றேல் அதற்கு ஈடான இடத்திலேயே அமர்த்தவேண்டும் என்று ஒரு தெளிவான வரி உண்டா? இல்லை! உலகத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் செய்த 183-ஆம் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறது: அதே பணி, அல்லது அதே ஊதியமுள்ள ஈடான பணி. இந்தியப் பேரரசு அதில் கையெழுத்திட்டு ஏற்றதா? ஏற்கவில்லை. கால் நூற்றாண்டு கடந்தும் ஏற்கவில்லை. பாரத மாதா என்று பாடத் தெரிந்த டில்லிக்கு, பணியிலிருக்கும் மாதாவுக்கு ஒரு நாற்காலி எழுதித்தரத் தெரியவில்லை!

ஒப்பந்தத் தொழிலாளியின் கதை இன்னும் கொடிது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்றுப் பணப்பயனை மறுக்கலாகாது என்று 2023-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் வரும், இடம்? ஒப்பந்தமே முடிந்தபின் எந்தத் துறைக்கு மாறுவாள்? தெருவுக்குத்தான். தறிவீட்டுப் பெண்ணுக்கோ இதுவும் இல்லை. விடுப்புத் தர முதலாளியும் இல்லை, வழக்காட மேலாளரும் இல்லை.

முதலாளிமார் என்ன சொல்கின்றனர்? "26 வாரச் சம்பளச் சுமையை எங்கள் தலையில் வைத்தீர்கள், பெண்களை எப்படி வேலைக்கு எடுப்பது?" நானும் அந்த வாதத்தை மதித்துத்தான் எண்ணிப் பார்த்தேன். சிறு நிறுவனத்துக்கு அது சுமைதான், இல்லையென்று சொல்லேன். அதை அரசு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று கேட்டால், நானும் கூடவே குரல் கொடுப்பேன். ஆனால் பெரிய ஆலையில் வரிசையில் நிற்கும் பெண் தொழிலாளர் அரசு காப்பீட்டில் இருக்கிறாள், ஐயா! 2017 சனவரி முதல் 21,000 ரூபாய் வரை மாத ஊதியம் பெறுவோர் அதற்குள் வந்தனர். அவளுக்கு மகப்பேற்றுத் தொகை தருவது காப்பீட்டுக் கழகம். அந்தக் கழகத்துக்கு மாதந்தோறும் அவள் பங்கும் போகிறது. தன் பணத்தில் தானும் கட்டிய காப்பீட்டைத் தான் பெறுபவளைப் பார்த்து, "எங்களுக்குச் சுமை" என்பதா? எவர் வீட்டுச் சோற்றை எவர் அளப்பது!

சுமை என்ற சொல் எவ்வளவு தொலைவு போகும் என்பதை 2024 சூன் திங்களில் நம் மாவட்டமே கண்டது. திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் கோக்கும் வேலைக்கு மணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பாம், கருவுறுதலாம், விடுப்பு எடுப்பார்களாம். மெட்டியும் நகையும் உற்பத்திக்கு இடையூறாம்! நிறுவனம் மறுத்தது, மணமானோரும் தங்களிடம் பணியில் உள்ளனர் என்றது. ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகம் நம் மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் திருமண நிலையைக் குறிப்பிடவேண்டாம் என்று முகவர்களுக்குச் சொல்லப்பட்டதாக, அதே ஆண்டு நவம்பரில் மறுபடி செய்தி வந்தது. சொல் விளம்பரத்திலிருந்து போயிற்று, எண்ணம் போயிற்றா? வாயிலிலேயே தாய்மையைத் தடுக்க நினைப்பவர், உள்ளே தாயானவளை எந்த மூலையில் உட்கார வைப்பர் என்று ஊகிக்கச் சோதிடம் வேண்டியதில்லை.

நம் ஊரில் ஒரு வழக்கு உண்டு. காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி இராது. காமாட்சி ஒருத்தியே எல்லார்க்கும் பொது என்பர். கல்லில் வடித்த தாய்க்கு ஊரின் நடுவே கோயில்! தேர் உண்டு, தெப்பம் உண்டு, பட்டு உண்டு. அந்தப் பட்டுக்குத் தார் சுற்றிய தாய்க்கு ஏட்டில் பெயரில்லை, ஆலையில் இடமில்லை! பிள்ளைப்பேறே பெண்ணின் விலங்காக்கப்படுகிறது என்று பெரியார் எடுத்துக் காட்டியபோது காதைப் பொத்திக்கொண்டவர்கள், இன்று அடையாள அட்டைக் கயிற்றில் அந்த விலங்கு தொங்குவதைப் பார்க்கட்டும்.

இயலாத ஒன்றையா கேட்கிறோம்? 1973-இல் காவல்துறையில் பெண்களைச் சேர்த்த மாநிலம் இது. அரசு ஊழியப் பெண்களுக்கு 2021-இல் 12 திங்கள் மகப்பேற்று விடுப்புத் தந்த மாநிலம் இது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்புச் செய்தார்: விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்க்கு மூன்றாண்டுக் காலம், பெற்றோரோ கணவர் வீட்டாரோ வாழும் மாவட்டத்திலேயே பணி. கவனியுங்கள்! அங்கும் இடமாற்றந்தான் நடக்கிறது. ஆனால் அது தாயின் வசதிக்காக நடக்கும் மாற்றம். காவலர் காவலராகவே இருக்கிறார். சீருடைக்கு முடிந்தது, ஆலையின் நீல மேற்சட்டைக்கு ஏன் முடியாது?

காந்தி சாலைப் பட்டுக் கடைகளிலே நாளெல்லாம் நின்று, நரம்பு புடைத்த கால்களை நினைத்துப் பாருங்கள். 2021-இல் நம் சட்டமன்றம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, அந்தக் கால்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றது. முதலில் சிரித்தவர் உண்டு. நாற்காலிக்கா சட்டம் என்றனர்! இப்போது நாம் கேட்பதும் ஒரு நாற்காலிதான்: போனவள் திரும்பி வந்து அமரும் நாற்காலி. அவளே வேறொன்றை விரும்பினால், காலியிடமும் தகுதியும் இருக்கையில் படியும் பணிமூப்பும் குறையாமல் அந்த நாற்காலி. இதை மாநில அரசு தன் எல்லைக்குள் விதியாக்கட்டும். டில்லி 183-ஆம் ஒப்பந்தத்தை ஏற்கட்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு சொல், கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போனசுக்குப் போராடினோம், பஞ்சப்படிக்குப் போராடினோம். பேச்சுவார்த்தை மேசையில் நம் பக்கம் உட்கார்ந்தவர்களில் கைக்குழந்தைக்காரி எத்தனை பேர்? கோரிக்கைப் பட்டியலில் காப்பகம் எத்தனையாவது இடத்தில் இருந்தது? கடைசி வரியில்! முதலில் விட்டுக்கொடுக்க வசதியாக!

அடுத்த கிழமை வாயிற் கூட்டத்துக்குப் போகும்போது நிருவாகத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சென்ற ஆண்டு மகப்பேற்று விடுப்பில் போனவர் எத்தனை பேர், அவர்களில் அதே இடத்துக்குத் திரும்பியவர் எத்தனை பேர்? விடை சொல்லமாட்டார்கள். பேருந்து நிற்குமிடத்தில் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். பிள்ளையார்பாளையத்துத் தோழர்கள் அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. வீட்டுக்குள் போய், இராட்டையருகே உட்கார்ந்து, "மறுபடி தறியில் இறங்குகிறாயா?" என்று கேளுங்கள். இறங்குகிறேன் என்றால் தூளியை நீங்கள் ஆட்டுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் அவள் பெயரில் உறுப்பினர் மனுவும் எழுதிக்கொடுங்கள். எண்ணிக்கைகளை எனக்கு எழுதுங்கள். ஆலையின் பெயர் போதும், பெண்ணின் பெயர் வேண்டாம்.