உட்கார முடிகிறதா?

அமெரிக்க மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாம் பெண்ணிய அறவியலுக்கும் அரசியல் சிந்தனைக்கும் ஆற்றிய பணிகளுள் தலையாயது, நீதியை அளக்கும் கேள்வியையே அவர் மாற்றியதாகும். தனிநபர் வருமானம் எவ்வளவு, மக்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்று கேட்பதை விடுத்து, ஒவ்வொருவராலும் உண்மையில் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று கேட்பதே பொருளியலாளர் அமர்த்தியா சென்னோடு அவர் வளர்த்தெடுத்த ‘இயலுந்திறன்’ கோட்பாட்டின் சாரம். 2000இல் வெளியான ‘பெண்களும் மனித வளர்ச்சியும்’ என்ற நூலில், திருவனந்தபுரத்துச் செங்கல் சூளையில் ஆண்டுக்கணக்காகக் கல் சுமந்த பெண்ணொருத்தியை அவர் முன்னிறுத்துகிறார். கூலி கூடிய கல்லறுப்பு வேலை ஆண்களுக்கே போய்ச் சேர்ந்தபோதும் அதை எதிர்க்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. கிடைக்காது என்று பழகிப்போனதை வேண்டாம் என்றே எண்ணிவிடும் இம்மனநிலை ‘இசைந்துபோன விருப்பம்’ எனப்படுகிறது. அவளுக்குக் குறையில்லை என்று இதைக் காட்டியே எவரும் வாதிட்டுவிட முடியும் என்பதால், நூலின் கூர்மையான பகுதி இதுதான்.

இந்த இசைவு கலையும் விதத்தை நூலைவிடத் தெளிவாகக் காட்டியது கோழிக்கோட்டின் கடைவீதியான மிட்டாய்த் தெரு. தையல் தொழிலாளியான விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு, கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு நாள் முழுதும் நின்ற விற்பனைப் பெண்களைத் திரட்டி, அவர்கள் உடல்வலியாக மட்டுமே அறிந்திருந்ததை உரிமை மறுப்பு என்று உரக்கச் சொல்ல வைத்தது. அதன் பயனாக 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் அவ்வழியே சென்றது.

கொச்சியின் பிராட்வே கடைவீதியிலுள்ள ஜவுளிக்கடைகளையும் கேரளச் சட்டம் கட்டுப்படுத்தும். ஆயினும் நுஸ்பாமின் பகுப்பில், ஒருவரின் உள்ளாற்றலோடு அதைப் பயன்படுத்த இடமளிக்கும் புறச்சூழலும் சேர்ந்தால்தான் இயலுந்திறன் முழுமையடைகிறது. பத்துப் புடவைகளை விரித்துக் காட்டி, அத்தனையையும் மடித்து அடுக்கி முடித்த பெண், அருகிலேயே ஸ்டூல் இருந்தும் மேற்பார்வையாளரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருப்பாளாயின், தொழிலாளர் துறை ஆய்வாளரின் பதிவேட்டில் அந்த ஸ்டூல் கணக்கில் வரும். அவள் நிற்பது வராது.