பாவு தீர்வதற்குள் பிணைத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும்படி மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. பணம் தடையில்லை, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். அம்மாவுக்குப் பயமும் இல்லை. "அந்த நாலு நாள் அவனை யாருடி பாத்துக்குவாங்க?" என்ற ஒரே கேள்வியில் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது.

அவன் என் தம்பி. முப்பத்து நான்கு வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. பசித்தால் சொல்வான், வலித்தால் சொல்லத் தெரியாது. வலிப்பு மாத்திரை இரண்டு வேளை கொடுக்க வேண்டும். தெருமுனை தாண்டினால் திரும்பி வர வழி தெரியாது. அதனால் அம்மா கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று அவன் கூப்பிடும் குரல் எங்கள் தெருவுக்குப் பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நாங்கள் சின்ன காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். அப்பா இருந்தவரை தம்பிக்கு ஒரு வேலை இருந்தது. ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றுவான். இழை அறுந்தால் நிறுத்திவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பான். அவர் முடிச்சுப் போட்டுக் கொடுத்ததும் மறுபடி சுற்றுவான். விடியற்காலையில் தெருவில் தறிக்கான நெடுக்கு இழைகளைப் பாவாக நீட்டும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பான். நாலு பேர் அவனிடம் பேசுவார்கள். அப்பா போன பிறகு தறிக்குழியை மூடிவிட்டோம். அன்றிலிருந்து அவன் நாள் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான்.

நான் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். "நீ பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கோர்வைத் தறி நெய்கிறோம். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். எங்கள் தறியில் அந்த ஆள் நான். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். தறி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் கவனித்துக்கொள்கிறவரின் பிழைப்பும் சேர்ந்தே நிற்கிறது. இதை எந்தக் கணக்கும் பிடிப்பதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அது எங்களுக்குப் பெரிய துணை. ஆனால் அவனோடு நாலு மணி நேரம் உட்கார ஒரு மனிதரை அந்தப் பணத்தில் வாங்க முடியாது. எங்களுக்குப் பற்றாக்குறை ஆள்தான்.

பள்ளி வயது வரை ஆள் இருந்தார்கள். ஒரு சிறப்புப் பள்ளியில் தன் தட்டைத் தானே கழுவவும் சட்டைப் பொத்தான் போடவும் தம்பி கற்றுக்கொண்டான். 18 வயது முடிந்ததும் "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான இலவசக் கல்வி உரிமையைச் சட்டமே 18 வயதோடு முடிக்கிறது. குழந்தைகளுக்கான தேசிய உடல்நலப் பரிசோதனைத் திட்டமும் 18 வரைதான். வயது ஏறுவது மட்டும் 18-இல் நிற்பதில்லை. மூன்று நான்கு வருடத்தில், கற்ற பழக்கங்கள் ஒவ்வொன்றாக அவனைவிட்டுப் போயின. இன்று பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார், கண் தெரியாமல் தடவித் தடவி.

ஐயாவோ அம்மாவோ, ஆட்சியர் நாற்காலியில் யார் இருந்தாலும், இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்காகவே வந்தது. பெற்றோருக்குப் பிறகு இவர்களுக்கு யார் என்ற கேள்விதான் அந்தச் சட்டத்தின் வேர். 18 வயது கடந்தவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவை அது அமைக்கச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். எங்கள் தெருப் பக்கம் இந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு தாயைக்கூட நான் பார்த்ததில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளி சமூகத்துக்குள்ளேயே வாழ உரிமை உள்ளவர். அதற்கு வேண்டிய வீட்டுச் சேவை, தங்கும் சேவை, தனியாள் உதவி எல்லாம் அவருக்குக் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. பூட்டிய கதவுக்குள் இருப்பதைச் சமூகத்துக்குள் வாழ்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நல்ல நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-இல் முட்டுக்காட்டில் தொடங்கியபோது, அது நம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதுவும் அந்தப் பக்கம் போனது. எல்லைக்கோடு மாறியதால் எங்கள் தூரம் மாறிவிடவில்லை. அன்றும் அது எட்டவில்லை. பேருந்தின் ஒலி கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை முட்டுக்காட்டுக் கடற்கரை வரை தினம் யார் கூட்டிப்போவது? தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் அரசு திறந்துவரும் 'விழுதுகள்' மையங்களை மனமார வரவேற்கிறேன். பயிற்சி, சிகிச்சை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது பெரிய காரியம். ஆனால் சிகிச்சைக்குப் போய்வரும் இடம் வேறு, தினமும் பகலில் இருக்கும் இடம் வேறு. எங்களுக்கு இரண்டாவதும் வேண்டும், நடந்துபோகும் தூரத்தில் வேண்டும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைக் காட்டுகிறேன். விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் பணியாளர்கள் கிராமம் கிராமமாகக் குழந்தைகளின் வீட்டுக்கே போகிறார்கள். பெரும்பாலும் அந்தந்தப் பகுதிப் பெண்கள். பயிற்சி பெற்று, தாய்க்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். பெல்ஜியத்திலும் கீல் என்று ஓர் ஊர் உண்டு. மனநலம் வேண்டி அங்குள்ள தேவாலயத்துக்கு வந்த யாத்ரீகர்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பல நூற்றாண்டுப் பழக்கம் அது. இன்று மருத்துவமனை மேற்பார்வையில், அரசு தரும் தொகையோடு தொடர்கிறது. அதுவும் நம் ஊரைப் போல ஒரு கோயில் ஊர்தான்.

இனி என் கோரிக்கைகள். மூன்றே மூன்று.

முதலாவது, சின்ன காஞ்சிபுரத்துக்குள்ளேயே 18 வயது கடந்தவர்களுக்கு ஒரு பகல்நேர மையம். காலை பத்து முதல் மாலை நாலு வரை. பெரிய கட்டடம் வேண்டாம். மாநகராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமான ஒரு கூடம் போதும். ஒரு சிறப்பு ஆசிரியர், இரண்டு உதவியாளர்கள், நாலு ராட்டினம். தார் சுற்றத் தெரிந்த கைகள் எங்கள் தெருக்களில் சும்மா இருக்கின்றன. அவர்கள் சுற்றும் தாரைத் தறிக்காரர்கள் கூலி கொடுத்து வாங்கிக்கொள்வோம்.

இரண்டாவது, தாய்க்கு ஓய்வு. அறுவைச் சிகிச்சை, பிரசவம், சாவு, கல்யாணம் என்று எந்த வீட்டுக்கும் நாலு நாள் வரும். அந்த நாலு நாளைக்கு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவர், அல்லது நம்பி விட்டுவர ஓர் இடம். எங்கள் தெருப் பெண்களுக்கே பயிற்சி கொடுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பாகும்; எங்களுக்குத் தெரிந்த முகமாகவும் இருக்கும்.

மூன்றாவது, உள்ளூர்க் குழுவை எங்களிடம் அனுப்புங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு இந்தத் தாய்மார்களால் வர முடியாது. அதுதானே அவர்களின் குறை. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குழு சின்ன காஞ்சிபுரத்தில் உட்காரட்டும். பாதுகாவலர் விண்ணப்பம், அடையாள அட்டை, 'நிராமயா' மருத்துவக் காப்பீடு எல்லாம் அங்கேயே நடக்கட்டும். வார்டுவாரியாக இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்த வயது, பார்த்துக்கொள்பவரின் வயது என்ன என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். அவசரம் யாருக்கு என்பதை அதுதான் காட்டும்.

2019-இல் எங்கள் ஊர்ப் பெருமாள் அத்தி வரதர் கோயில் குளத்திலிருந்து எழுந்தபோது தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் தரிசனம் செய்துவைத்தேன். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். கோடிக்கு மேல் ஜனம் வந்தது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் தனி வழியும் போட்டுக் கொடுத்தது இதே மாவட்ட நிர்வாகம்தான். வேண்டும் என்று நினைத்தால் இந்த ஊரில் எதுவும் நடக்கும் என்று அன்று கண்ணால் பார்த்தேன். அடுத்து அவர் எழுவது 2059-இல். அப்போது தம்பிக்கு அறுபத்தெட்டு வயது, இருந்தால் எனக்கு எழுபத்தேழு. அன்று அவன் கையை யார் பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தறியில் ஒரு பாவு தீரப்போகிறது என்றால் நாங்கள் கடைசி இழை வரை காத்திருப்பதில்லை. பழைய பாவின் நுனிகள் விழுதிலும் அச்சிலும் இருக்கும்போதே, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைப்போம். பழையதை அறுத்து எடுத்துவிட்டால் முதலிலிருந்து எல்லாவற்றையும் கோர்க்க வேண்டும். அம்மா இருக்கும்போதே தம்பி புது மனிதர்களோடு பழக வேண்டும். அவன் எப்போது அழுவான், எதைக் கொடுத்தால் அடங்குவான், வலிப்பு வருவதற்கு முன் முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். அதை அவர் வாயால் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கக் காலம் இருக்கிறது. அதிகம் இல்லை.

ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வாருங்கள். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு நான் நாள் குறிக்க வேண்டும். அந்த நாலு நாளுக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்து, அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளியின் மகள், ஒரு தம்பியின் அக்கா,
சின்ன காஞ்சிபுரம்.