தோட்டத்து மண்ணும் சித்திர ஆசிரியரும்

மேல்நாடுகளிலே பள்ளிகள் மூடிக்கிடக்கும் கோடை மாதங்களில் சித்திர ஆசிரியர்கள் ஓரிடத்திற் கூடி மட்கலம் வனையப் பழகுவது நெடுநாள் வழக்கம். 1900ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் அல்பிரட் என்னும் சிற்றூரில் மட்கலைக்கென ஒரு கல்லூரியை நிறுவிற்று. இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் ஆலையிற் பயின்றவரான சார்ல்ஸ் பின்ஸ் என்பார் அதன் தலைவர். அவர் நடத்திய கோடை வகுப்புகளில் ஆசிரியர்களும் வந்து கற்றனர். நம்மவருக்கும் இது முற்றிலும் புதிதன்று. 1938இல் யாழ்ப்பாணத்திலே சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை அவர்கள் தொடங்கிய வின்சர் சித்திரக் கழகத்தில் ஆசிரியர்கள் கூடித் தூரிகை பழகினர். அங்கே மண் இல்லை, வண்ணம் இருந்தது. அவ்வளவே வேற்றுமை.

2025இல் அரசு கல்விச் சீர்திருத்தத்தை அறிவித்த பின்னர், அழகியற் பாடங்கள் என்னாகும் என்ற கவலை ஆசிரியர்களிடையே எழுந்தது. அதனோடு, தோட்டப் பாடசாலைகளிற் சித்திரம் கற்பிப்போருக்கு விடுமுறைக் காலத்தில் மட்கலைச் செயலமர்வு நடத்தலாமே என்ற பேச்சையும் நான் கேட்டேன். நல்ல பேச்சு. ஆயினும் எங்கே, எவரிடம், எந்த மண்ணில் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் நடத்தினால் அது வீண் செலவாகும் என்பது என் துணிபு. என் பட்டறிவே இதற்குச் சான்று.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஓகஸ்ட் விடுமுறையில், நகரமொன்றில் நடந்த இத்தகைய செயலமர்வுக்கு நானும் சென்றேன். இடத்தின் பெயர் வேண்டாம். பையிற் கட்டிய வெண்களி வந்தது. கல்லும் வேரும் நீக்கி இயந்திரத்திற் பிசைந்த களி. மின்னாற் சுழலும் திகிரி, மின்னாற் கனலும் சூளை. ஐந்து நாளில் ஓர் அகலும் ஒரு பூச்சாடியும் செய்து, செய்தித்தாளிற் சுற்றி, சான்றிதழோடு திரும்பினேன். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் நடுவே இருந்த என் பாடசாலையில் திகிரியும் இல்லை, சூளையும் இல்லை. வகுப்பறை விளக்குக்கே மின்சாரம் விட்டுவிட்டு வந்த காலம் அது.

பிள்ளைகள் விடவில்லை. ஓடைக்கரையில் ஒரு சாக்கு மண் வெட்டினோம். மறுநாளே, யார் உத்தரவில் வெட்டினீர்கள் என்று கேட்டு ஆள் வந்தது. அதற்கொரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, கையாலேயே யானையும் சட்டியும் பிடித்து, ஐப்பசி மழையிலே தாழ்வாரத்திற் பத்து நாள் காயவைத்து, இறப்பர் விறகை அடுக்கித் தீ மூட்டினோம். பட்டாசுபோல வெடித்தன. முப்பத்திரண்டில் பதினொன்று மிஞ்சின. யானை செய்த சிறுமி தும்பிக்கைத் துண்டை மட்டும் எடுத்துச் சென்றாள்.

காரணத்தை எனக்குச் சொன்னவர் மொலகொடையிலே ஒரு முதிய குயவர். கொழும்பு - கண்டி வீதியிற் கேகாலைக்கும் மாவனெல்லைக்கும் இடையே, இருமருங்கும் சட்டி பானைகள் அடுக்கிய கடைகளை யார்தாம் காணவில்லை? அவ்வூர்தான் மொலகொடை. அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்குச் சந்தைச் சிங்களந்தான் தெரியும். உடைந்த ஓட்டைக் கையில் வாங்கினார், விளிம்பை நகத்தாற் சுரண்டினார், சிரித்தார். களியில் மணல் போதாது, சுவர் ஒரே கனமாக இல்லை, உள்ளே ஈரம் இருந்தது, தீயை அவசரப்படுத்திவிட்டீர்கள். நான்கு குறைகளையும் ஒரு துண்டு ஓட்டிலே படித்துவிட்டார்.

நூலறிவும் அதையே சொல்கின்றது. வெயிலிற் காய்ந்ததாகத் தோன்றும் கலத்தினுள்ளே நீர் இருக்கும். தீ விரைந்து ஏறினால் அந்நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கலத்தைப் பிளக்கும். மணல் சேர்ந்த களியில் நுண்துளைகள் உண்டாதலின் ஆவி தப்பும். களியோடு பிணைந்து நிற்கும் நீரோ ஏறக்குறைய 500, 600 பாகைச் சூட்டிலேதான் நீங்கும். அதன் பின்னர் அம்மண் மீண்டும் குழையாது. திறந்த வெளிச் சூளை 700 முதல் 900 பாகை வரை எட்டும். நாட்டுச் சட்டிக்கு அது போதும். பீங்கானுக்கு வேண்டிய 1,300 பாகையைத் தோட்டப் பாடசாலை நாடவேண்டியதில்லை. ஐந்து நாள் செயலமர்வில் இவற்றில் ஒன்றையும் நான் கற்கவில்லை. மின்சூளையின் பொத்தான் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். சப்பிரகமுவவில் மண்ணைத் தேடி அலையவேண்டியதில்லை. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுவோர் களியும் மணலுமான படைகளைக் கடந்தே, கல் புதைந்த சரளையை எட்டுவர். அச்சரளைக்கு அங்கு ‘இல்லம்’ என்று பெயர். தமிழ்ச் செவிக்கு அது வீடு. லயத்துக் காம்பராவில் வாழ்ந்த நம் மக்கள் அச்சொல்லைக் கேட்டு என்ன நினைத்திருப்பரோ! குழியிலிருந்து வெளியே கொட்டும் களி வேண்டாப் பொருள். அதிலே வனையத் தக்கதைத் தேர்ந்தறியச் சித்திர ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்தால், பையிற் கட்டிய வெண்களிக்கு வேலையில்லை. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி இம்மாகாணத்துப் பாறையையும் சரளையையும் ஆய்ந்தவர். பலாங்கொடைப் பக்கத்துத் தோரியனைற்று என்னும் கனிப்பொருள் அவர் வழியாகவே உலகறிந்தது. அதே மனிதர் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டபோது மட்கலம் வனைவோருக்கும் அதில் இடங்கொடுத்தார். கல்லைத் தேடிப் போனவர் கைவினைஞரைக் கண்டார். நம் கல்வி அலுவலகங்கள் கைவினைஞரைக் காண இன்னும் புறப்படவில்லை.

மண் உண்டு. ஆனால் யாருடையது? இதுவே எல்லாவற்றிலும் கடினமான வினா. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பாடசாலைகளை அரசு 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாகப் பொறுப்பேற்றது. இத்தனை கைமாற்றத்திலும் லயத்திற் பிறந்த பிள்ளைக்கு ஒரு சாக்கு மண் வெட்டும் உரிமை வந்து சேரவில்லை. அப்பிள்ளைக்கு மண் என்பது தாய் மண்வெட்டி பிடிக்கும் இடம். மழை நாளில் அச்சம். 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடிற்று. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவிலும் தோட்டக் குடியிருப்பின்மேல் மண் விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது அந்த அச்சம் மீண்டும் வந்தது. முன்னோரின் ஊர்களாகிய புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளின் எல்லையில் இன்றும் ஐயனாரின் சுடுமண் குதிரைகள் நிற்கின்றன. அந்த மண்ணுறவு கடல் கடந்து வரவில்லை. சட்டி செய்யப் பழகினால் மலைச்சரிவு நின்றுவிடும் என்று நான் சொல்லவரவில்லை. மண்ணைத் தன் விருப்பப்படி பிசைந்து உருவாக்கும் ஒரு மணி நேரம் அப்பிள்ளைக்கு இருக்கட்டும் என்றே கேட்கின்றேன்.

பரீட்சையும் குறுக்கே நிற்கின்றது. க.பொ.த. சாதாரண தரத்திற் சித்திரத்துக்குப் பெரும்பாலும் கடதாசிமேல் எழுதியதும் தீட்டியதுமே புள்ளி பெறும். ஆசிரியர் மண்ணோடு கழிக்கும் நாளை அதிபர் வீண் என்று கருதினால் அவர்மேல் மட்டும் குறை சொல்லவும் இயலாது.

காலத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். கோடைச் செயலமர்வு என்ற பெயரை அப்படியே இங்கு இறக்குமதி செய்யலாகாது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். ஓகஸ்டிலும் வானத்தை நம்பமுடியாது. ஆகவே செயலமர்வை இரண்டாகப் பிரிக்கலாம். ஓகஸ்ட் விடுமுறையில் ஆசிரியர்கள் மொலகொடையிலே குயவர் வீட்டு முற்றங்களில் ஒரு கிழமை தங்கி, மண் தெரிந்து, மிதித்து, வனையட்டும். பின் பாடசாலைக்குத் திரும்பிப் பிள்ளைகளோடு செய்தவற்றை நிழலில் மெல்ல ஆறவிட்டு, மழை குறைந்த தை, மாசி மாதங்களில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் கூடிச் சுடட்டும். விறகுக்கு முதிர்ந்து வெட்டிய இறப்பர் மரம் உண்டு. வேண்டுவன மூன்று: மண் வெட்டத் தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூல அனுமதி, ஆசிரியருக்குப் பஸ் கட்டணம், வேலையை நிறுத்திவிட்டுக் கற்பிக்கும் குயவருக்கு அந்த நாட்களின் கூலி. மூன்றாவதை மறந்துவிடுவது நம் வழக்கம். அதனால் அதையே முதலில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.