யூரியா இடுமுன் கிணற்று நீரை அளந்தறிக

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் கமக்காரர் கிணற்றையே நம்பியுள்ளனர். அங்கே நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணக்கல். இட்ட பசளையில் பயிர் கொள்ளாது எஞ்சிய நைதரசன், நைத்திரேற்றாக மாறி, நீருடன் கசிந்து, கல்லின் வெடிப்புகள் வழியே அக்கிணற்றையே சேர்கின்றது. ஆகவே பசளைக் கணக்கு கிணற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

நைத்திரேற்று அயனைத் தேர்ந்து உணரும் மின்வாய் ஒன்று உண்டு. அது காட்டுவது மில்லிவோல்ற்று மட்டுமே. அதனைச் செறிவாக மாற்றுவது நம் கணக்கு. அங்கே பிழை விடுதல் எளிது. ஓர் உதாரணம் கொள்வோம். இலீற்றருக்கு 10 மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசன் உள்ள நியமக் கரைசலில் வாசிப்பு 210. 100 மில்லிகிராம் உள்ளதில் 152. கிணற்று நீரில் 181. இது இரண்டிற்கும் சரிநடுவாதலால், விடை 55 எனத் தோன்றும். அது தவறு. செறிவு பத்து மடங்காகும்போது வாசிப்பு 58 குறைகின்றது. அதிற் பாதியாகிய 29 குறைந்தால், செறிவு பத்தின் வர்க்கமூலமாகிய 3.16 மடங்காகும். எனவே விடை ஏறக்குறைய 32 மில்லிகிராம்.

இந்நீரை ஓர் ஏக்கருக்கு 10 அங்குலம் பாய்ச்சினால், சுமார் 10 இலட்சம் இலீற்றர் நீருடன் 32 கிலோகிராம் நைதரசன் வயலை அடையும். இது ஏறக்குறைய 70 கிலோகிராம் யூரியாவுக்குச் சமம். அத்தனையையும் பயிர் உண்ணாது என்பது மெய்யே. ஆயினும், அதனைக் கணக்கிற் கொள்ளாது மேலும் யூரியா இடுவது பணத்தைக் கிணற்றிலே போடுவதாகும்.

பணம் மட்டுமன்று. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை நைதரசனாகக் கணித்தால் இலீற்றருக்கு 11 மில்லிகிராம். மேற்கூறிய நீர் அதன் மூன்று மடங்கை நெருங்குகின்றது. இத்தகைய நீரிற் பால்மா கரைத்து ஊட்டினால், சிசுவின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றக்கூடும். கொதிக்கவைத்தலும் நைத்திரேற்றை நீக்காது.

இக்கருவியைக் கமக்காரர் ஒவ்வொருவரும் வாங்குதல் இயலாது, வாங்கவும் வேண்டியதில்லை. கமநல சேவை நிலையந்தோறும் ஒன்றும், அதனைக் கையாளப் பயின்ற ஒருவரும் இருத்தல் தகும். உவர்நீரிலுள்ள குளோரைட்டு வாசிப்பை மயக்குமாதலால், வெள்ளிச் சல்பேற்றிட்டு அதனை முன்னரே நீக்குதல் அவசியம். நியமக் கரைசலும் கிணற்று நீரும் ஒரே வெப்பநிலையில் இருத்தலும் வேண்டும்.

கமக்காரரே, அடுத்த போகத்திற்கு யூரியா வாங்குமுன் உங்கள் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள்.